பின்வாசலால் வந்தவர்

என் மனைவி தனபாக்கியம் யாரையும் எளிதில் நம்பிவிடுவாள். வீடு வீடாக வாக்குவம் கிளீனர் விற்க வருகிறவனுக்குக்கூட காபி கொடுப்பாள். ஆனால் எங்கள் ஓட்டல் சமையல்காரன் செல்வராஜோடு யாராவது இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும், சமையலறை வாசலில் போய் நின்றுகொள்வாள்.

அதற்குக் காரணம் உண்டு. தொண்ணூற்றெட்டில் சான்டா கிளாராவில் விமானம் விமானமாக சாஃப்ட்வேர் பையன்கள் வந்து இறங்கினார்கள். ஒருத்தனுக்கும் வெந்நீர் வைக்கத் தெரியாது. அதனால் பிளாசா என்கிற கடைவளாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு இந்திய ஓட்டல் முளைத்தது. கடைக்கு இடம் கிடைக்கும், பாத்திரம் கிடைக்கும், கிரைண்டர்கூடக் கிடைக்கும். சமையல்காரன் மட்டும் கிடைக்கமாட்டான். அடுத்த கடையில் இருப்பவனை ஆசை காட்டி இழுத்துக்கொள்வதுதான் ஊர் நடைமுறை. எங்கள் முதல் சமையல்காரனை ஒரு பொங்கலன்று காலையில் இப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் கூட்டம் நிற்கிறது, உள்ளே அடுப்பு எரியவில்லை. தனம் அழுதுகொண்டே எல்லாருக்கும் உப்புமா கிண்டிப் போட்டாள். அப்புறம் வெகுநாள் கடை பூட்டிக் கிடந்தது.

செல்வராஜ் நத்தத்துக்காரன். விசா எடுத்து நாங்கள்தான் வரவழைத்தோம். அவனும் போனால் கடையை மூடிவிட வேண்டியதுதான். நான் பகலெல்லாம் சிப் கம்பெனியில் குப்பை கொட்டுகிறவன். கடை முழுக்க தனத்தின் தலையில். அவன் வந்து இறங்கிய வாரமே, "லாயர் கேட்கறார்ப்பா" என்று பாஸ்போர்ட்டை வாங்கி, தன் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"அதக் குடுத்துடு தனம். நல்லா இல்ல" என்று நான் பலமுறை சொன்னேன்.

"பத்திரமா இருக்கட்டுமேங்க. தொலைச்சுட்டா யாரு அலையறது?"

செல்வராஜும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கடை மூடும்போது "வரேங்க்கா" என்று சொல்லாமல் அவன் வாசல் தாண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் தனம் கல்லாவைப் பூட்டுவாள்.

இப்படி இருக்கையில் ஒரு மனிதர் வர ஆரம்பித்தார். அறுபது வயது இருக்கும். மழிக்காத நரைத்த தாடி, இஸ்திரி போட்ட சட்டை. தனியாக மூலை மேசையில் உட்கார்ந்து, கொஞ்சமாகச் சாப்பிட்டு, சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பெயர் ஞானேஸ்வரன், யாழ்ப்பாணத்துக்காரர், ஃப்ரீமான்ட்டில் வீடு என்பதை கிரெடிட் கார்டையும் பேச்சையும் வைத்து தனம் கண்டுபிடித்தாள்.

"சாம்பார் நல்லாயிருக்குத் தங்கச்சி. உங்கட சமையல்காரர் எந்த ஊர்? ஒரு நூறு பேருக்குத் தனிய நிண்டு சமைப்பாரோ?"

தனத்துக்கு ரத்தம் கொதித்தது. அதே வாரம்தான் எதிர் பிளாசாவில் காலியாகக் கிடந்த கடைக்குக் கண்ணாடி முழுக்கப் பழுப்புத்தாள் ஒட்டி, 'விரைவில்' என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

"இந்த ஆளுதாங்க அதை எடுத்திருக்கான். நூறு பேருக்கு சமைப்பானான்னு கேக்கறான். நூறு சீட்டு போடறான் போல! தாடி வேற. அடையாளம் தெரியக்கூடாதுன்னு வளத்திருக்கான்."

"அடையாளம் தெரியக்கூடாதுன்னு நெனைக்கறவன் கிரெடிட் கார்டை நீட்டுவானா?" என்றேன்.

"நீங்க கம்ப்யூட்டர்ல கோடு எழுதத்தான் லாயக்கு" என்று என்னை ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் முன்பக்கம் வரவே இல்லை. குப்பை போடப் போன தனம், அவர் பின்வாசலில் நின்று செல்வராஜோடு தாழ்ந்த குரலில் பேசுவதைப் பார்த்துவிட்டாள். "அப்ப திங்கக்கிழமை வெள்ளன நானே வந்து ஏத்துறன்" என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. திங்கள் எங்கள் கடைக்கு விடுமுறை.

"அவர் எதுக்குப்பா வந்தாரு?" என்று அவனைக் கேட்டாள்.

செல்வராஜ் தலையைச் சொறிந்தான். "சும்மாதாங்க்கா. அப்புறமா சொல்றேன்."

அந்த 'அப்புறமா' அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. திங்கட்கிழமை காலையில் நான் ஆபீசுக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டு, எங்கள் வேனில் செல்வராஜின் அபார்ட்மென்ட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தனம். ஞானேஸ்வரனின் கார் வந்தது, அவன் ஏறினான், ஃப்ரீவேயில் பின்னாலேயே போனோம். ஃப்ரீமான்ட்டில் ஒரு வீட்டுக்கு முன்னால் கார் நின்றது. நாங்கள் தெருமுனையில் நின்றோம். வெயில் ஏறியது. பசி வேறு. திரும்பலாம் என்றால் அவள் கேட்கவில்லை.

மதியம் நெருங்க ஒவ்வொன்றாகக் கார்கள் வந்தன. வேட்டி கட்டியவர்கள், சேலை கட்டியவர்கள், எல்லாரும் மெதுவாக உள்ளே போனார்கள்.

"பார்ட்னருங்கெல்லாம் வந்தாச்சு. சமைச்சுக் காட்டச் சொல்லி டேஸ்ட் பாக்கறாங்க. வாங்க, கையும் களவுமாப் பிடிக்கலாம்."

நான் தடுப்பதற்குள் இறங்கி நடந்துவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. வாசல் முழுக்கச் செருப்பு. விறுவிறுவென்று உள்ளே போனவள் கூடத்தில் அப்படியே நின்றாள். பின்னால் போன நானும் நின்றேன்.

எதிரே ஒரு அம்மாளின் படம். மாலை போட்டு, விளக்கேற்றி, முன்னால் இலையில் படையல். கீழே 'பத்மராணி ஞானேஸ்வரன்' என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் இறந்து அன்று முப்பத்தோராம் நாள்.

ஞானேஸ்வரன் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். தாடி இல்லை, துக்கத்துக்கு வளர்த்ததை அன்று காலைதான் மழித்திருக்கிறார். தனத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

"சொல்லாமலே வந்திட்டியள் தங்கச்சி! இவ ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் ஆள் விட்டு உங்கட சாம்பார்தான் எடுப்பிச்சுக் குடுத்தனான். அதைத்தான் வாயில வச்சவ. அதுதான் அந்தத் தம்பியே இண்டைக்குச் சமைக்கவேணும் எண்டு ஆசைப்பட்டன். சாமிப்படத்துக்கு முன்னால விளக்கு வச்சிருக்கிற கடை, அங்க நிண்டு செத்தவீட்டுக் கதை கதைக்கக் கூடாதெண்டு பின்வாசலால வந்து கேட்டனான். உங்களுக்கு இப்ப சொல்லவேண்டாம் எண்டு தம்பியிட்டையும் சொல்லிட்டன். நீங்கள் எப்பிடியோ அறிஞ்சு வந்திட்டியள்."

தனம் படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் போய், பாவமாக இருந்தது.

பந்தியில் உட்கார வைத்தார்கள். செல்வராஜ்தான் சாம்பார் வாளியோடு வந்தான். எங்களைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. தனத்தின் இலைக்கு முன் குனிந்து, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"காலையிலேருந்து வேன்லயே இருந்தீங்களேக்கா. மொதல்ல தண்ணி குடிங்க."

அவள் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் "போயிட்டு..." என்று ஆரம்பித்தவளின் கையை அழுத்தினேன். துக்க வீட்டில் 'வரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

மறுநாள் கடை திறந்ததும் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"லாயர் வேலை முடிஞ்சுதுப்பா."

"சரிங்க்கா" என்று வாங்கி, ஈரம் படாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்கும் எப்போதும்போல்தான் வேலை செய்தான். சாம்பாரில் ஒரு குறை இல்லை. அவளிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை. ஆபீஸ் முடிந்து நான் வந்தபோது, அவன் சிரித்த முகமாக இருந்ததாகக்கூட தனம் சொன்னாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று என்னைக் கேட்டாள். கேள் என்றேன். கடை மூடும்போது கேட்கிறேன் என்றாள்.

மூடும் நேரம் அவள் கல்லாவருகே காத்து நின்றாள். செல்வராஜ் கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்தான், விளக்கை அணைத்தான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். எங்களைத் தாண்டி, சாமிப்படத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போனான்.

"அவன் வரேன்னு சொல்லலீங்க" என்றாள் தனம்.

"மறந்திருப்பான், களைப்பு" என்றேன். எனக்கே அது பொய் என்று தெரிந்தது.

காலையில் போய்ப் பார்த்தோம். வாளி வாளியாக மாவு ஆட்டி வைத்திருந்தான், அது பொங்கி விளிம்பைத் தொட்டு நின்றது. அவனிடம் இருந்த கடைச்சாவி ஒரு வாளி மூடியின் மேல் இருந்தது. எதிர் பிளாசாவில் கண்ணாடித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வரிசையாக மெத்தைகள், விற்பனைக்கு.

தனம் கல்லாவைத் திறக்கவில்லை. பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அதன் படியில் உட்கார்ந்துகொண்டாள்.