ஆர்டித் தைத்த தலை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. பக்கத்து வீட்டு ஆர்டித் ஃபென்ஸ்டர்மாக்கர் சொன்னது பாதி, அவள் சொல்லாமல் நானே பார்த்தது பாதி. எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை நல்லவளா காட்டாத," என்றாள். என் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் தொடக்கம்: "பென்சில்வேனியாவின் மலையிடுக்கில் வெண்பனி போர்த்திய..." (வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவன் எழுதுகிற வாக்கியமா இது?)

இரண்டாவது: "அக்டோபரில் கிரவுண்ட்ஹாக் செத்துப்போனது." இது பரவாயில்லை. நடந்ததும் இதுதான்.

2

பிப்ரவரி இரண்டாம் தேதி காலை வெளியே வரும் கிரவுண்ட்ஹாக்* தன் நிழலைப் பார்த்தால், குளிர் இன்னும் ஆறு வாரம். பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம். வருடா வருடம் ஊரே கூடி நின்று பார்க்கும் சடங்கு இது. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் கூண்டில் வளர்த்தது கிழடாகிச் செத்ததும், இந்த வருடம் ஒரு மனிதன் வேடம் போட்டு வரட்டும் என்றார் சடங்கை நடத்தும் சங்கத்தின் தலைவர் ஹார்லன். கையைத் தூக்கியவர் ஆர்டித்தின் கணவர் டெல்மர். வயது எழுபத்தொன்று, இரண்டு முட்டியும் தேய்ந்தவர்.

(*அணில் வகை. பூனை அளவு, நல்ல கொழுப்பு. என் முட்டைக்கோஸுக்கு எமன்.)

உடையை ஆர்டித் தைத்தாள். நின்று அளவு கொடுக்க டெல்மருக்குப் பொறுமை இல்லை. அவருடைய உயரமும் தலைச் சுற்றளவும் அப்படியே எனக்கும் இருந்ததால், ஜனவரி ஞாயிறுகளில் அவள் சமையலறையில் நான் நின்றேன். பொய் ரோமத் துணி வெட்ட வெட்ட உதிர்ந்து காப்பியில் மிதந்தது. மெஷின் ஊசி மூன்று முறை உடைந்தது. தலைக்குள் கட்டட வேலைக்காரரின் தொப்பி, அதன்மேல் ஸ்பாஞ்ச், அதன்மேல் ரோமம். கண்களுக்கு ஒற்றை மடிப்புக் கறுப்பு வலைத்துணி. உள்ளேயிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டைக்கூடப் படித்துக் காட்டினேன்.

3

இங்கே அவள் மனதை எழுத வேண்டும். எழுதி அடித்தது: "ஊரை விட்டுப் போக விரும்பாத ஆர்டித்..." (அவளை 'அவர்' என்றும் எழுதிப் பார்த்தேன். யாரோ மாதிரி ஆகிவிட்டாள்.)

டெல்மருக்குத் தெற்கே கரோலினாவுக்குப் போய்விட ஆசை. இந்தக் குளிர் அவர் முட்டிக்கு ஆகவில்லை. மூன்று வருடமாக ஆர்டித் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேசிப் பேசிச் சலித்து, கடைசியில் கிரவுண்ட்ஹாக்கிடமே விட்டுவிட்டார்கள்: நிழல் தெரிந்தால் இங்கேயே இருப்பது, தெரியாவிட்டால் வீட்டை விற்பது.

"அந்த கிரவுண்ட்ஹாக்கே அவர்தானே?" என்றேன்.

பல்லிடுக்கில் குண்டூசிகளோடு அவள் சொன்னாள்: "அவரு பொய் சொல்ல மாட்டாரு மதி. நாப்பத்தாறு வருஷமா பாக்குறேன். சூப்புல உப்பு இல்லன்னா, விருந்தாளி முன்னாடியே இல்லம்பாரு."

பிறகு, நான் கேட்காமலே: "போறதுன்னா முப்பது வருஷத்துக்கு முன்னாடியே போயிருக்கணும்."

(இந்த வரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வைத்த இடமெல்லாம் கதை வேறு பக்கம் சாய்கிறது.)

4

பிப்ரவரி இரண்டாம் தேதி காலை வானத்தில் ஒரு மேகம் இல்லை. டெல்மர் வளை மாதிரி செய்து வைத்திருந்த மரப்பெட்டிக்குள்ளிருந்து தவழ்ந்து வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதுகுக்குப் பின்னால் சூரியன். அவர் காலடியில் தொடங்கி எங்கள் பூட்ஸ்வரை பனியில் நீளமாக நிழல். ஊரே பார்த்தது.

அவர் குனிந்தார். இடமும் வலமும் திரும்பினார். ஹார்லன் மைக்கை நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார் டெல்மர்.

கூட்டம் சிரித்தது. காலுக்குக் கீழேதான் கிடக்கிறது என்று யாரோ கத்தினார்கள். ஹார்லன் மறுபடி கேட்டார்.

"தெரியலன்னா தெரியலதான்."

கிரவுண்ட்ஹாக் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. வசந்தம் சீக்கிரம் என்று அறிவித்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஆர்டித் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.

உள்ளே ஒரே இருட்டு, வலையை இரண்டு மடிப்பாகத் தைத்துவிட்டாய் என்று வீட்டில் டெல்மர் சொன்னாராம். இல்லவே இல்லை என்றாளாம் அவள். வியாழக்கிழமை அவர்கள் புல்வெளியில் 'விற்பனைக்கு' பலகை நின்றது.

5

சனிக்கிழமை மத்தியானம், துணிக்கூடையில் அந்தத் தலையை வைத்துக்கொண்டு ஆர்டித் வந்தாள். தான் போட்டால் சுற்றிக்கொள்கிறது, தன் தலை சின்னது என்றாள்.

"நீ போட்டுப் பாத்து சொல்லு."

முடிவு அ: இருட்டு. அப்படியானால் மூன்று வருடமாகப் போக மாட்டேன் என்றவளே, ரகசியமாக இன்னொரு மடிப்பு வைத்துத் தைத்து...

முடிவு ஆ: வெளிச்சம். அப்படியானால் உப்பு விஷயத்தில்கூடப் பொய் சொல்லாத மனிதர் ஊர் முன்னால்...

நடந்தது இது. போட்டேன். எல்லாம் தெரிந்தது. ஜன்னல், பலகை, கார்க் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்த டெல்மர். அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வலையின் ஓரத்தில் வரிசையாகப் பொடி ஓட்டைகள். ஏதோ ஒரு தையல் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்த வாரம் பிரித்ததா, ஜனவரியில் ஊசி உடைந்தபோது பிரித்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியுதா?" என்றாள். என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியிலிருந்து, எந்தப் பதில் அவளுக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஒரு பதில் சொன்னேன். நான்கு முறை இங்கே எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் இருவரில் ஒருவரைப் பொய்யராக்குகிறது. தலை கனக்கிறது, உள்ளே பசை வாடை, ஆர்டித் இன்னும் கையை விடவில்லை. உங்கள் தலையும் ஏறக்குறைய இதே அளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.