நின்றாள், நின்றேன்

சொல்லின் வால்தானே மாறுகிறது, உடம்பு அதேதானே. நின்றாள், நின்றேன். கேட்டாள், கேட்டேன். இதற்குப் போய் ஏன் இவ்வளவு தயக்கம்?

சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஃபர்சானா தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பேனா 'திறக்கவில்லை' என்ற சொல்லில் வந்து நின்றிருந்தது. நல்லவேளை, அந்தச் சொல்லுக்கு வால் கிடையாது. யார் திறக்கவில்லை என்று அது காட்டிக்கொடுக்காது.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமைதோறும் கூடும் அவளுடைய எழுத்து வட்டத்தில் யாரும் யாருக்கும் பயிற்சி கொடுப்பதில்லை. அவரவரே ஒன்றைத் தேர்ந்து, சீட்டில் எழுதிக் காட்டிவிட்டு, மறுவாரம் செய்துகொண்டு வந்து வாசிக்க வேண்டும். ஃபர்சானா தேக்கா சந்தை மீன்கடையின் வாடையை ஒரு பக்கத்துக்குள் கொண்டுவந்தாள். எம்ஆர்டி ரயிலில் காதில் விழுந்த சண்டையை எழுதினாள். எல்லாம் லேசாக வந்தது. வட்டத்துத் தோழி அமீராவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"வர்றதையே செஞ்சிட்டு இருந்தா எப்படி லா? ஜிம்முக்குப் போய் வடை சாப்பிடற மாதிரி இருக்கு. பயமா இருக்கறத எடுடி."

ரோஷத்தில் ஃபர்சானா சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டாள்: 'என் பழைய கதையில் அவள் என்று வரும் இடமெல்லாம் நான் என்று மாற்றுவது.'

அந்தக் கதையில் ஒருத்தி சந்தைப் பையோடு வீட்டு வாசலில் நிற்கிறாள். சாவி கையில் இருக்கிறது. உள்ளே குளியலறையில் விழுந்துவிட்ட மாமியார் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். காலையில் போட்ட சண்டை இன்னும் நெஞ்சில் எரிகிறது. ஆறு நிமிடம் கதவைத் திறக்கவில்லை.

போன வருடம் அதை வட்டத்தில் வாசித்தபோது முதலில் கைதட்டியவர் அவள் கணவர் ரமீஸ். நாலு வருடத்துக்கு முன்பு அவருடைய உம்மா அப்படித்தான் விழுந்து, பிழைக்காமல் மவுத்தானார். உம்மா கூப்பிட்ட உடனே ஃபர்சானா ஓடிப்போய்த் தூக்கினாள் என்றுதான் அவருக்குத் தெரியும். "நடந்தத எப்படி மாத்திட்ட!" என்று வியந்தார் அன்று.

"இன்னிக்கு வட்டம் ரெண்டு மணிக்குத்தான?"

சாங்கி சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் ரமீஸுக்கு இன்று விடுப்பு. தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. நோட்டை மூடப் போனாள், மூடவில்லை. அவர் குனிந்துவிட்டார்.

படித்தார். முதல் வரிக்குத் திரும்பி மறுபடியும் படித்தார். குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"இது கதைதான, ஃபர்சானா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவள்னே இருக்கட்டுமே. பழையபடி மாத்திடு. நல்லாத்தான இருந்துச்சு?" அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் வந்து உக்காந்து கேக்கணும்ல."

அதட்டியிருந்தால் மாற்றியிருப்பாள். அவர் கெஞ்சினார். இவருக்குத் தெரிந்துவிட்டது, தெரியாமல் இருக்கத்தான் கேட்கிறார். அந்தக் குரல் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பேனாவை எடுத்தாள். 'திறக்கவில்லை'க்கு முன்னால் இருந்த சின்ன இடைவெளியில் 'நான்' என்று நெருக்கி எழுதினாள்.

"இல்லங்க, இது கதையில்ல," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.