பேதுரு சாமியின் வாத்தும் சராப்போ மீனின் சாட்சியும்

புனித பேதுருவின் வாத்தைத் தின்றது தொர்வலீனாதான். இதில் ஒளிவுமறைவு எதற்கு? வெள்ளம் ஏறி, மீனெல்லாம் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்ட மே மாதம். மூன்று வேளையும் மரவள்ளி மாவையே மென்று நாக்குச் செத்துக் கிடந்தது. திருவிழா ஏலத்துக்காக ஊர் அவளிடம் வளர்க்கக் கொடுத்த வாத்தோ, மிதவை வீட்டின் பலகையில் கொழுகொழுவென்று நடை பழகிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அவள் கை சும்மா இருக்கவில்லை. இறகு ஆற்றோடு போயிற்று. "திருடன் வந்துட்டான்" என்ற கதை ஊரோடு போயிற்று.

பக்கத்து மிதவை சுல்மீராவைத் தவிர எல்லோரும் அதை நம்பினார்கள்.

"ஏன் மதினி, திருடன் வந்தப்ப உங்க நாய் குலைக்கவே இல்லையே? வாயில எலும்பு இருந்துச்சோ?"

சுல்மீரா இப்படிக் கேட்கக் காரணம் உண்டு. அடுத்த வருடம் திருவிழாத் தலைவியாகப் படகு ஊர்வலத்தின் முன்படகில் கொடி பிடித்து நிற்பது இந்த இருவரில் ஒருத்திதான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தொர்வலீனா அந்தக் கொடிக்காக ஏங்கியவள். வாத்துத் திருடி என்று பெயர் வந்தால் கொடி என்ன, கொடிக்கயிறுகூடக் கைக்கு வராது. சுல்மீராவின் வாயை அடைத்தே ஆக வேண்டும்.

அவளுக்கு வழி காட்டியது கத்திமீன். கத்திமீனை ஆராய வந்தவர்களின் மிதவையில்தான் அவள் சமையல் செய்தாள். தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு ஒலிபெருக்கியில் மாட்டினால் அந்த மீன்கள் விடும் மின்சாரம் சத்தமாகக் கேட்கும். தொட்டால் சுள்ளென்றுகூட இருக்காது, அவ்வளவு மெலிசு. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குரல். கரிக்கட்டை போல் கறுத்தது விசிலடிக்கும். எலும்பு தெரியக் கண்ணாடி உடம்போடு திரிவது கொசுவாக ரீங்கரிக்கும். மூக்கு நீண்டு தும்பிக்கையான ஒன்று, வால் கடிபட்டு மறுபடி முளைத்த ஒன்று என்று எல்லாமே இருட்டுத் தண்ணீரில் மின்சாரத்தால் வழி தடவும் கூட்டம். சராப்போ என்ற வரி போட்ட வகை மட்டும் சட்டியில் சோளம் பொரிவதுபோல் பொரியும். புதிதாக எது பக்கத்தில் வந்தாலும், அது என்னவென்று துழாவ, பொரியும் சத்தம் படபடவென்று வேகமெடுக்கும். அதுவே பழகிவிட்டால், கிடக்கட்டும் கழுதை என்று விட்டுவிடும்.

தொர்வலீனா அந்த ஒலிபெருக்கியை இரவல் வாங்கி, தன் மிதவையில் ஒரு சராப்போவைத் தொட்டியில் போட்டுக்கொண்டாள். காலையும் மாலையும் கையை விட்டாள். முதலில் படபடத்த மீன், போகப்போக அவள் விரலடியிலேயே தூங்கி வழிந்தது. பிறகு ஊருக்கு அறிவித்தாள்: "திருட்டுக் கை பட்டா இந்த மீன் துடிக்கும்!"

ஆளையே அடித்துப்போடும் மின்விலாங்கான போராக்கே, அசாயிப் பனையடியில் மின்சாரம் பாய்ச்சிப் பழம் உதிர்த்துத் தின்னும் என்று சத்தியம் செய்கிற ஊர் அது. இதையா நம்பாது?

திருவிழாவன்று பூசை முடிந்ததும் கோவில் மிதவையில் தொட்டியை வைத்தார்கள். முதலில் ஊர்த்தலைவர் அல்தெனோர் கம்பீரமாகக் கையை விட்டார். ஒலிபெருக்கியில் சோளம் படபடவென்று வெடித்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, வாத்து இல்லப்பா! கோவில் மெழுகுவத்தி... கொஞ்சம்போல வீட்டுக்குக் கொண்டுபோனேன்."

அடுத்து வந்த நசாரியோவுக்கும் அதே படபடப்பு. "பப்பாளி! வெறும் பப்பாளிதான்! வாத்து மேல கை வைக்கல!"

அதன்பிறகு கையை விடுவதற்கு முன்பே உண்மைகள் கொட்டின. ஒருவன் பக்கத்துக்காரன் வலையிலிருந்து மீன் உருவியிருந்தான். இன்னொருவன் படகின் அடிப்பலகைக்குள் சாராயம் ஒளித்திருந்தான், அதைக் கேட்ட அவன் மனைவி துடுப்பை எடுத்துவிட்டாள். ஊரே ஒரு நாளில் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்தது. தொர்வலீனாவுக்கு உள்ளூரச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எல்லாரையும் சோதிச்சீங்க. நீங்க கையை விடலையே மதினி?" என்றாள் சுல்மீரா.

இதற்காகத்தானே தொர்வலீனா காத்திருந்தாள்! வளையலை ஏற்றிவிட்டு, ராணி மாதிரி கையைத் தண்ணீரில் இறக்கினாள்.

படபடபடபட!

"அடப்பாவி மீனே!" என்று அலறிவிட்டாள் தொர்வலீனா. "இத்தனை நாளாப் பழக்குனேனே! நேத்துக்கூட என் கையடியில தூங்குனியே!"



"பழக்குனியா?" அல்தெனோர் மெதுவாகக் கேட்டார். "எதுக்கும்மா பழக்குன?"

தொர்வலீனாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. கொடி கண்முன்னே ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. இனி மறைத்து என்ன?

"நல்ல கொழுப்பு வாத்துண்ணே," என்றாள் தலையைக் குனிந்தபடி. "மறுபடி பார்த்தாலும் விட மாட்டேன்."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சுல்மீரா மட்டும் சிரிக்காமல் தன் பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லிடுறேன். இன்னிக்கு விடியக்காலைல தூண்டிலுக்கு இரை கிடைக்கல. உங்க தொட்டி மீனை எடுத்துக்கிட்டேன் மதினி. அப்புறம் என் மீன்பொறிக் கூடையில வேற ஒரு சராப்போ மாட்டுச்சு, அதைக் கொண்டாந்து விட்டுட்டேன். எல்லாம் ஒரே மூஞ்சிதானேன்னு நெனைச்சேன்."

"என் மீனா? அது எங்கே?"

"அதைக் கடிச்ச கெளுத்திதான் அந்தா, திருவிழாப் பானையில கொதிக்குது."

அல்தெனோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "திருடாத கை இங்க யாருக்கு இருக்கு? கொடி தொர்வலீனாவுக்கே. ஆனா அடுத்த திருவிழாவுக்கு ஊருக்கே வாத்துச் சோறு, அவ செலவு. வாத்து வளர்றது மட்டும் சுல்மீரா வீட்டுல."

தொர்வலீனா கொடியையும் தொட்டியையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"வளரட்டும் மதினி. ஆனா அப்பப்போ வந்து இந்தத் தொட்டில கையை விட்டுக் காட்டணும்."

"அப்பப்போ என்ன, தினமும் வர்றேன்," என்றாள் சுல்மீரா. "மீனு பழகணும்ல?"