அண்ணன் குதிகாலில் மூன்று ஈக்கள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை. கடத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, ஆள் வராத நேரத்தில் கதை எழுதுகிற அருள்பிரகாஷுக்கு, அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் மேல் நாற்பது வருடப் பொறாமை.

[தன்மையில்தான் தொடங்கினான். ‘நான்’ என்று எழுதியதும் கை கூசியது. அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான்.]

அண்ணனுக்குத் தலை நிறைய முடி, கிணறு நிறையத் தண்ணீர். மாதா திருவிழாவில் தேரின் முன்கட்டை எப்போதும் அண்ணன் தோளில். தம்பிக்குப் பின்கட்டை, அதாவது, அண்ணனின் முதுகு. நோயைப் பாருங்கள்: தம்பிக்கு வாயுத்தொல்லை. அண்ணனுக்கோ டாக்டரே புத்தகத்தைப் புரட்டிச் சொன்ன ஒன்று.

2

‘ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே மாலை வெயில் சாய்ந்து...’

வேண்டாம். அந்த வார்டில் ஜன்னலே இல்லை. அண்ணி லூர்து மேரி சொன்னதையே வைக்கலாம்.

“புண்ணுல ஈ முட்ட போட்டு புழு வெச்சிருக்குதுங்க தம்பி. புழுவ எடுத்துட்டாங்க. அதோட இருந்த கிருமி ரத்தத்துல ஏறிட்டுதாம். பேரே வாயில நொழையல.”

“பொழச்சுக்குவாருங்களா அண்ணி?”

“ரெண்டு நாள் போவட்டுங்கறாரு டாக்டரு. சக்கர இருக்கற ஆளு, கொடியேத்துன நாள்ல இருந்து செருப்பில்லாம நடக்காதீங்கன்னேன். வேண்டுதலுன்னாரு. கால்ல உணர்ச்சியே இல்ல, புண்ணு வந்ததே தெரியல. யாராச்சும் பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களா?”

அருள்பிரகாஷ் குளுக்கோஸ் சொட்டுகளைப் பார்த்தான். [பார்க்கவில்லை. இந்த வரி பொய்.]

3

பார்த்த ஆள் உண்டு. பின்கட்டைக்காரன் வேறெங்கே பார்ப்பான்?

தேரன்று அண்ணனின் குதிகாலில் வெடிப்பு. அதில் மூன்று ஈக்கள். நடந்தாலும் விலகாத ஈக்கள். ‘அண்ணா, கால்ல’ என்று வாய் வரை வந்தது. ஊர் பார்க்க ஒரே ஒரு தடவை அண்ணன் நொண்டட்டுமே என்று விழுங்கிவிட்டான். அப்புறம் பிரியாணி. மறந்தே போனான்.

4

முடிவு அ: அண்ணன் இறந்துபோகிறார். முன்கட்டையைத் தம்பி தூக்கு

[அடித்தான். மூக்கு ஒழுகிக் காகிதம் நனைந்ததுதான் மிச்சம்.]

முடிவு ஆ, நடந்தது: மருந்து கேட்டது. ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்துவிட்டு அண்ணன் கேட்டார்:

“என்னடா எழுதற? என்னைய சாவடிச்சிட்டியா?”

“ஒரு தடவ எழுதிப் பாத்தேன். வரலீங்கண்ணா.”

“அதுகூட உனக்கு ஒழுங்கா வராது.” சிரித்தார். “அடுத்த வருசம் முன்கட்ட நீ தூக்குடா. இந்தக் காலு இனி ஆவாது.”

கொடுப்பதிலும் அண்ணனே முந்திக்கொண்டார். தம்பிக்கு வயிறு எரிந்தது. கண்ணும்.

“குடு, படிக்கறேன்.”

கொடுத்தான். ஒன்று, இரண்டு, நான்கில் எழுதியவரை. மூன்றாம் தாள் சட்டைப்பையில்.

5

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறார். இரண்டை முடித்து, தாளைப் புரட்டி, மறுபடி புரட்டி, தலையைத் தூக்குகிறார்.

“டேய், மூணு எங்க?”

அந்த ஈக்களைப் பார்த்தவர்கள் இப்போது இரண்டு பேர்: தம்பியும், மூன்றாம் தாளைப் படித்தவரும். அவன் இன்னும் வாய் திறக்கவில்லை.

நீங்கள்?