சலிக்காத சேறு

சேற்று மல்யுத்தக் குழிக்கு மண்ணைச் சலித்துத்தான் கொட்ட வேண்டும். ஆட்டம் நடத்தும் எங்கள் முதலாளி சலிக்க விடமாட்டார், நேரம் வீணாம். போன மாதம் ஆட்டத்தில் கல்லில் விழுந்து, என்னோடு ஆடும் அக்காவின் முழங்கால் உடைந்தது. "மண்ணு சலிச்சதுதான், அவளுக்குத்தான் விழத் தெரியல" என்று அந்த மனுஷன் மைக்கிலேயே சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

இன்றும் சலிக்கவில்லை. நான் ஜெயிப்பதற்குள் முதுகெல்லாம் கீறல். ஜெயித்தவள், சுற்றி நிற்பவர்களில் ஒருவரைச் சேற்றுக்குள் இழுத்துப் போடலாம் என்பது எங்கள் ஆட்டத்தின் வழக்கம். கூட்டம் "என்னை, என்னை" என்று கத்தியது. நான் நேராகப் போய், வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு மைக்கோடு நின்ற முதலாளியின் காலைப் பிடித்து இழுத்தேன்.

"ஐயோ, முட்டி! கல்லு!" என்று அலறினார்.

கரையில் விழுந்த மைக்கை எடுத்தேன். "மண்ணு சலிச்சதுதான் முதலாளி. உங்களுக்குத்தான் விழத் தெரியல."