பொனட்டில் மூன்று கோடுகள்

வெள்ளைக் கார் என்றால் ஒரு கிழமைத் தூசியையும் மறைத்துக்கொண்டு மரியாதையாக நிற்கும். கறுப்புக் கார் அப்படி இல்லை. பூனை ஏறி நடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். வட்டக்கச்சியில் யோகலிங்கம் வீட்டு முற்றத்தில் நின்றதும் கறுப்புக் கார்தான். காலை வெயில் சரிந்து விழும்போது அதன் பொனட்டின் நடுவில் கீறல்கள் கூட்டமாய்த் தெரிந்தன. நாளை மறுநாள் காரின் சொந்தக்காரர் வருகிறார். அதற்குள் கீறலை அழிக்க எதை வாங்கிப் பூசலாம் என்ற யோசனையிலேயே யோகலிங்கத்துக்குத் தேத்தண்ணீர் ஆறிப்போனது.

தேங்காயெண்ணெய் பூசிப் பார்க்கச் சொன்னார் மனைவி கமலாசனி.

“இது தலைமயிர் இல்லையப்பா, கார்,” என்றார் யோகலிங்கம்.

சொந்தக்காரர் வேறு யாருமில்லை, சுவிஸில் இருக்கும் தம்பி முத்துலிங்கம். ஊருக்கு வந்தால் ஓடித்திரிய வாங்கி, அண்ணனின் பொறுப்பில் விட்டுப்போன கார் அது. அதைக் கழுவித் துடைப்பதும், பற்றரி இறங்காமல் வாய்க்கால் வீதியில் ஒரு சுற்று ஓட்டிவருவதும் பக்கத்துக் காணிப் பழனியாண்டியின் மகன் அஜந்தனின் வேலையாக இருந்தது. மலையகத்திலிருந்து வந்து வயல் செய்து நிமிர்ந்த குடும்பம். அஜந்தனுக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருந்தது, வாகனம் மட்டும் இல்லை. அதனால் முத்துலிங்கம் ஒரு முடிவு சொல்லியிருந்தார். இந்த முறை திரும்பிப் போகும்போது காரை அஜந்தனிடமே விட்டுவிடுவது, அவன் வாடகைக்கு ஹயர் ஓடிப் பிழைக்கட்டும் என்று.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. முற்றத்தில் ஒரு கார் நிற்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிற விதமே வேறு. இந்தக் காரணத்தை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் பொனட்டில் கீறலைக் கண்ட அன்று, அஜந்தன் தேங்காய்த் தும்பால் உரஞ்சிக் காரைப் பழுதாக்கிவிட்டான் என்று போனில் தம்பியிடம் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷமும் எடுக்கவில்லை. அப்படியென்றால் அவனுக்கு வேண்டாம் என்று தம்பியும் சொல்லிவிட்டார். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலிலும் நாலு பேர் கேட்க யோகலிங்கம் அதையே சொன்னார்.

அஜந்தன் வந்து முற்றத்தில் நின்றான்.

“நான் தும்பு தொட்டதே இல்லைங்க ஐயா. ஷாம்பு போட்டு, ஈரத்துணியால மட்டும்தான்.”

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் சாவியைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஊரில் வேறு யாரும் கூட அவனை ஓட்டக் கூப்பிடவில்லை. கொழும்பில் கட்டட வேலைக்குப் போகப் பை கட்டுகிறான் என்று கமலாசனி சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

கிளிநொச்சியில் வாகனச் சாமான் கடை ஒன்றில் சாரங்கா என்ற பெண் இருந்தாள். யோகலிங்கம் விஷயத்தைச் சொன்னதும், எல்லாரும் மினுங்குகிறதைக் கேட்டு வாங்கிப் போய், பிறகு மினுக்கம் போய்விட்டது என்று திரும்பி வருகிறார்கள் என்று சிரித்தாள். மூன்று சாமான்களை எடுத்து வரிசையாக வைத்தாள். கீறலை எடுப்பது கொம்பவுண்ட். அது பெயின்ரின் மேல்படையை மெல்லச் சீவி மட்டப்படுத்தும், அதிகம் தேய்த்தால் படையே போய்விடும். அடுத்தது பொலிஷ். அது இன்னும் நைசானது, கொம்பவுண்ட் விட்ட மங்கலை எடுக்கும். கடைசியில் வக்ஸ். அது எதையும் சீவாது, மேலே போர்வை மாதிரிக் கிடந்து வெயிலையும் தூசியையும் தாங்கும். காரை நன்றாகக் கழுவி, நிழலில் விட்டு, சூடு ஆறிய பிறகுதான் எதையும் பூச வேண்டும். நிலத்தில் விழுந்த துணியைத் திரும்பத் தொடவே கூடாது.

“கொம்பவுண்ட் எப்பிடி அண்ணை சீவுதெண்டு நினைக்கிறியள்? உள்ளுக்கு நைஸ் தூள் கிடக்கு. விரலிலை எடுத்துப் பாருங்கோ.”

அவள் திறந்திருந்த டப்பாவை நீட்டினாள். யோகலிங்கம் ஒரு துளி எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உரசினார். மெத்தென்றிருந்தது. அந்த மெத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு நறநறப்பு. அவருக்கு அது புதிதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அந்த விரல்களுக்குள் இருந்ததுதான்.

திருநீறு.

கோயிலால் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை அது. பொனட்டில் காய்ந்து கிடக்கும் பழைய திருநீற்றை, அதன்மேல் ஏறிய கிரவல் தூசியோடு சேர்த்து, தோளில் கிடக்கும் துவாயால் அழுத்தித் துடைப்பார். பிறகு மூன்று விரலால் புதிதாய் மூன்று குறி இழுப்பார். தம்பியின் கார், ஒரு ஆபத்தும் வரக்கூடாது. ஒரு வெள்ளியும் தவறியதில்லை.

“அண்ணை, எதைத் தரட்டும்?” சாரங்கா இரண்டாம் முறையாகக் கேட்டாள்.

“மூண்டையும் தாங்கோ பிள்ளை,” என்றார்.

வீட்டுக்கு வந்து காரைக் கழுவினார். வேப்பமர நிழலுக்குள் தள்ளி, ஈரம் ஒற்றி எடுத்து, முகத்தைச் சாய்த்துப் பார்த்தார். இவ்வளவு நாளும் கூட்டமாய்த் தெரிந்த கீறல்கள் இப்போது ஒழுங்காய்ப் பிரிந்து கிடந்தன. இடமிருந்து வலமாக மூன்று பட்டைகள். கையை வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. வைத்தார். மூன்று விரலும் மூன்று பட்டைக்குள் அளவெடுத்தது போல இறங்கின.

அஜந்தன் குற்றமற்றவன் என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பொனட்தான். சாட்சியை அழிக்கிற சாமானைத் தானே போய்ப் பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்து வாங்கிவந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார் அவர்.

அந்நேரம் குசினிப் பக்கம் வேலியால் பழனியாண்டியின் மனைவி ஞானேஸ்வரி முருங்கைக்கீரைக் கட்டொன்றை நீட்டிவிட்டுப் போனாள். கமலாசனி அதோடு வந்தார்.

“முந்தியெண்டால் நிண்டு ஒரு கதை கதைச்சிட்டுத்தான் போவாள். இப்ப கீரையைத் தந்திட்டு முகத்தைப் பாராமல் போறாள்.”

யோகலிங்கம் துணியில் கொம்பவுண்ட் தொட்டார். சின்ன வட்டங்களாய், அழுத்தாமல், சாரங்கா சொன்னபடியே தேய்த்தார். முதல் பட்டை மங்கியது. இப்போதே நிறுத்தலாம் என்று ஒரு மனம் சொன்னது. தம்பிக்குச் சொல்லத்தான் போகிறேன், பொனட் அழகாய் இருந்தால் என்ன என்று மற்ற மனம் சொன்னது. மற்ற மனத்தின் பேச்சு வசதியாக இருந்தது. கொம்பவுண்டுக்கு மேல் பொலிஷ், பொலிஷுக்கு மேல் வக்ஸ். முடித்து நிமிர்ந்தபோது வேப்பமரம் கிளை கிளையாய்ப் பொனட்டுக்குள் நின்றது. அதற்குள் தன் முகமும் தெரிந்ததால் விலகிக்கொண்டார். அன்றிரவு கீரைக்கறியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

முத்துலிங்கம் வவுனியாவில், நெளுக்குளத்து மச்சாள் வீட்டில் வந்து இறங்கியிருந்தார். கூட்டிவர யோகலிங்கம் ஓட்டிப்போன காரைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கண்ணாடி மாதிரிக் கிடக்கு அண்ணை. நல்லகாலம் அவனிட்டைக் குடுக்கேல்லை.”

இப்போது சொல்லலாம். யோகலிங்கம் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். புளியங்குளம் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தார். புளியங்குளம் தாண்டியது. தம்பி சுவிஸில் பனி கொட்டிய கதை சொல்லிக்கொண்டு வந்தார். கதை முடியட்டும், மாங்குளத்தில் சொல்லலாம் என்று நினைத்தார். மாங்குளமும் பின்னால் போனது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தாமல் போகிற வாகனம் இல்லை. இறங்கிக் கும்பிட்டார்கள். முத்துலிங்கம் தேங்காய் உடைத்து, கச்சான் கடலைச் சுருள் ஒன்றும் வாங்கிக்கொண்டு, உள்ளங்கை நிறையத் திருநீற்றோடு காருக்கு வந்தார். வழி நெடுகப் படிந்த தூசியைக் கைலேஞ்சியால் ஒரு இழுவை இழுத்தார். மூன்று விரலைத் திருநீற்றில் தோய்த்துப் பொனட்டுக்குக் கொண்டுபோனார்.

யோகலிங்கத்தின் கை தானாகப் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது.

“பூசாதை.”

முத்துலிங்கம் திகைத்துப் பார்த்தார். அங்குள்ள காருக்கும் திருநீறு பூசு என்று சுவிஸுக்குப் போன் எடுத்துச் சொல்கிற அண்ணன் இவர்.

“ஏன் அண்ணை?”

“அது உரஞ்சும். கீறும்.” யோகலிங்கம் பிடித்த கையை விடவில்லை. “அந்தக் கீறல் அஜந்தன் போட்டதில்லை. நான் போட்டது. ஒவ்வொரு வெள்ளியும் இப்பிடித்தான் துடைச்சுப் பூசினனான்.”

“அப்ப தெரிஞ்சுகொண்டே அவனைச் சொன்னனீங்களோ?”

“அப்ப தெரியாது. முந்தநாள் கடையிலைதான் விளங்கினது.” மிச்சத்தையும் சொன்னார். “விளங்கின பிறகும் ஆருக்கும் சொல்லேல்லை. தேய்ச்சு அழிச்சுப்போட்டன்.”

முத்துலிங்கம் கையை விடுவித்து, திருநீற்றைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். திரும்பக் காரில் ஏறி, கிளிநொச்சி வெளிச்சம் கண்டபோது சொன்னார்.

“முதல் பழனியாண்டி வீட்டுக்குக் காரை விடுங்கோ.”

அஜந்தன் கிணற்றடியில் நின்றான். வாசலில் கட்டிய பை கிடந்தது. யோகலிங்கம் பழனியாண்டிக்கும் ஞானேஸ்வரிக்கும் முன்னால் நின்று, முறிகண்டியில் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னார். முத்துலிங்கம் சாவியை நீட்டினார். அஜந்தன் அதை வாங்கவில்லை. படலையால் வெளியே போய்ப் பொனட்டைக் குனிந்து பார்த்தான். அவன் முகம் அதற்குள் தெளிவாய்த் தெரிந்தது.

“அந்தக் கோடுகளையும் அழிச்சிட்டீங்களே ஐயா. இனி ஊருக்கு எதைக் காட்டுறது?”

கோபமாய்க் கேட்டிருந்தால் யோகலிங்கம் தாங்கியிருப்பார். அவன் கோபப்படவில்லை.

“எனக்குக் கார் இல்லாட்டியும் பரவாயில்லைங்க. காலையில சங்கக்கடை திறக்கிற நேரம் வாங்க. அங்கதான சொன்னீங்க. அங்கயே சொல்லுங்க. பிறகு சாவியை வாங்கிக்கிறன்.”

அவர் கண்ணுக்குள் சங்கக்கடை வாசல் வந்து போனது. அரிசி வாங்க நிற்கிற வரிசை, பேப்பர் பார்க்கிறவர்கள், அவரைக் கண்டதும் வாங்கில் இருந்தபடி நுனிக்குத் தள்ளி இடம் விடுகிறவர்கள்.

“வாறன்,” என்றார் யோகலிங்கம்.