எண்பத்து மூன்றாவது கருத்து

முழங்கால் தண்ணீரில் நின்று வேதா புல் அறுத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் ஒரு பிடியை வளைத்துப் பிடித்து, அரிவாளைத் தண்ணீரை ஒட்டி இழுத்தாள். அறுத்ததை உதறித் தோளில் போட்டாள். தோள் நிறைந்ததும் கரையேறிக் கொட்டிவிட்டு மறுபடியும் இறங்கினாள். வெயில் அண்ணாமலையின் உச்சியில் விழுந்து மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்கள் அடி அண்ணாமலைப் பக்கம் மாடுகளுக்குக் கொடுக்கப் புல் வாங்குவார்கள். அதற்குள் நூறு கட்டாவது கட்டியாக வேண்டும்.

சம்புக்கோரை அடர்ந்திருந்த மூலைக்கு வந்ததும் அவள் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனாள். உள்ளே கானாங்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவள் அரிவாள் வைப்பதில்லை.

"வேதாக்கா, மேல வா." கரையில் நின்று கூப்பிட்டாள் பக்கத்து வீட்டு ஜாஹிரா. ஜாக்கெட் தைக்கிறவள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "ரேஷன் கடையில நோட்டீஸ் ஒட்டிக் கீறாங்க. திருமலைண்ணன் படிச்சினு கீறாரு. நம்ம வூடெல்லாம் போவுதாம்."

வேதா புல்லோடு கரையேறினாள்.

நாவல்தாங்கல் ஏரிக்கரையில் நாற்பத்தொரு வீடுகள். அவற்றில் ஐடிஐ படித்தவன் வயர்மேன் திருமலை ஒருவன்தான். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளை அவன் விரல் வைத்து வாசித்தான். "உள்ளூர் இயற்கை மீட்புத் திட்டம், வரைவு. நாவல்தாங்கல் ஏரியும் அதன் கரைகளும் பறவைகளின் வாழிடமாக மீட்கப்படும். பொதுமக்கள் தங்கள் கருத்துகளை வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேங்கிக்கால் கல்யாண மண்டபத்தில் நேரில் தெரிவிக்கலாம். அதன்பின் வரும் ஆட்சேபணைகள் ஏற்கப்பட மாட்டா."

தாளின் கீழ்ப்பாதியில் வரைபடம் இருந்தது. ஏரி நீலம், கரை பச்சை.

"இதுல நம்ம வூடு எங்க கீது?" என்றாள் வேதா.

திருமலை பச்சையின் நடுவில் விரலை வைத்தான். அங்கே வீடு எதுவும் வரைந்திருக்கவில்லை. பிறகு விரலை ஓரமாக நகர்த்திக்கொண்டு போனான். கரை நெடுகவும் நேராக வந்த கோடு வடக்கு மூலையில் உள்பக்கமாக வளைந்தது. போன வருஷம் வரத்துக்கால்வாயை மூடிக் காம்பவுண்டு எழுப்பி மனை போட்ட இடம் கோட்டுக்கு வெளியே நின்றது. அவன் இரண்டு முறை விரலை ஓட்டிப் பார்த்தான்.

"இங்க மட்டும் வளையுது" என்றான்.

அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது. தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் அடுக்குமாடி வீடு தரப்படும். கூடியிருந்தவர்கள் அங்கேயே பேசி முடிவெடுத்தார்கள். ஆளாளுக்குப் போய்க் கூச்சல் போட்டால் காரியம் கெடும். எல்லோருக்குமாகத் திருமலை பேசட்டும்.

வேதாவுக்கு வெள்ளிக்கிழமை என்பதுதான் மனதில் நின்றது. செவ்வாயும் வெள்ளியும் அவள் புருஷன் சகாதேவனுக்கு டயாலிசிஸ். மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டை தூக்கியவன். சிறுநீரகம் இரண்டும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். காலை ஏழு மணிக்கு மிஷினில் படுத்தால் பதினோரு மணிக்கு இறக்குவார்கள். அந்த நாட்களில் பகலில் அவனைத் தூங்க வைத்துவிட்டு மூன்று மணிக்கு அவள் ஏரிக்குள் இறங்குவாள்.

"நீயும் போய் திருமலைகூட நில்லு" என்றான் சகாதேவன். வீங்கிய காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். "நான் மிஷின்ல படுத்துக்கினு கெடக்கப்போறேன். நீ பக்கத்துல குந்தினு இன்னா பண்ணப்போற?"

"எறக்கினதும் தல சுத்துமேய்யா ஒனக்கு."

"பெஞ்சில சாஞ்சிக்கினு இருப்பேன். போய் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லு. மாடி வூடு குடுத்தா நான் எப்படி ஏறுவேன்? இந்தத் தூரத்துக்கு வாரத்துல ரெண்டு வாட்டி எப்படி வருவேன்? அத்த மட்டும் கேக்கச் சொல்லு."

வெள்ளிக்கிழமை அவனை மிஷினில் விட்டுவிட்டு அவளும் ஜாஹிராவும் மண்டபத்துக்குப் போனார்கள். வழியிலேயே திருமலை போன் செய்தான். ஒரு லாட்ஜில் புது வயரிங், காண்ட்ராக்டர் விடமாட்டேன் என்கிறான். "நான் நேர்ல வராம என் பேருக்கு டோக்கன் குடுக்கமாட்டாங்க. உன் பேருல ஒண்ணு வாங்கி வை. பன்னண்டுக்குள்ள வந்துடறேன்."

டோக்கன் எண்பத்து மூன்று.

மண்டபத்தில் ஏசி ஓடியது. மேடையில் மணமக்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு நீள மேஜை போட்டிருந்தார்கள். நடுவில் திட்ட அதிகாரி, பக்கத்தில் குறிப்பெடுக்கிறவர்கள், ஓரத்தில் ஒரு மணி. ஒருவருக்கு இரண்டு நிமிஷம். புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் ஏரியைச் சுற்றி நடைபாதை கேட்டார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் சிறுவயதில் வந்த கொக்குகளைப் பற்றிப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் இங்கிலீஷில் ஒப்பித்தது. எல்லோருக்கும் கை தட்டினார்கள். வடக்கு மூலை மனைக்காரரின் ஆள் மைக் பக்கம் போகவேயில்லை. ஒரு கவரை மேஜையில் கொடுத்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். ஆக்கிரமிப்பு என்ற சொல் வந்துகொண்டே இருந்தது.

"நம்மளத்தான் சொல்றாங்க" என்றாள் ஜாஹிரா.

பக்கத்து நாற்காலியில் கழுத்தில் பைனாகுலர் மாட்டிய ஒரு பெண் இருந்தாள். கீர்த்தனா, காலேஜில் பாடம் நடத்துகிறவள். வேதாவின் கையில் புல் கிழித்த கோடுகளைப் பார்த்துவிட்டு, "நீங்க ஏரிப் பக்கமா?" என்று கேட்டாள். பேச்சு வளர்ந்தது. கானாங்கோழி இருக்கும் மூலையைச் சொன்னதும் அவள் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அது கூடு கட்டற எடத்துல நீங்க அறுக்கறதே இல்லையா?"

"அது குஞ்சு பொரிச்சி எறங்கிப் போற வரைக்கும் போமாட்டோம். எங்காளுங்க யாரும் போமாட்டாங்க."

"இதை மேடையில சொல்லுங்க. முதல்ல இதைச் சொல்லுங்க" என்றாள் கீர்த்தனா. அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "எடுத்த எடுப்புல வீடுன்னா ஆக்கிரமிப்புன்னு ஒதுக்கிடுவாங்க. ஏரியைக் காப்பாத்தறதே நீங்கதான்னு தெரிஞ்சா, அப்புறம் வீட்டைப் பத்திச் சொல்றதையும் காது குடுத்துக் கேப்பாங்க."

"எங்காளு ஒருத்தரு வராருங்க. அவரு பேசுவாரு."

பதினொன்றே முக்காலுக்கு சகாதேவன் போன் செய்தான். இறக்கிவிட்டார்கள் என்றான், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அப்போது அறுபத்தோராவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு வேறு யாரோ அவன் போனிலிருந்து கூப்பிட்டார்கள். வாந்தி எடுத்துவிட்டான், பெஞ்சில் படுக்க வைத்திருக்கிறோம், வீட்டு ஆள் வேண்டும். வேதா எழுந்துவிட்டாள். எழுபத்தொன்பது என்று மைக்கில் அழைத்தார்கள்.

"நான் போறேன் ஆஸ்பத்திரிக்கு" என்று அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள் ஜாஹிரா. "நான் போனா அண்ணன வூட்டுக்கு இட்டுக்கினு பூடுவேன். பேசறது எனக்கு வராதுக்கா. நீ இரு."

திருமலையின் போன் எடுக்கப்படவில்லை. எண்பத்து மூன்று என்றார்கள்.

மைக் அவள் வாய்க்கு மேலே நின்றது. ஒருவர் வந்து தாழ்த்தினார். "என் பேரு வேதாங்க. நாவல்தாங்கல் கரையில கீறோம்" என்றாள். எதிரே இருந்த முகங்களில் ஒன்றும் தெரியவில்லை. கீர்த்தனா மட்டும் தலையை ஆட்டினாள். "ஏரி நல்லா இருக்கணும்னுதான் நாங்களும் சொல்றோம். சம்பு மூலையில கானாங்கோழி கூடு கட்டுதுங்க. நாங்க அங்க அருவா வெக்கறதில்ல. மழ பேஞ்சி கரை ஒடஞ்சப்ப எங்காளுங்கதான் மூட்ட அடுக்கினாங்க. தண்ணி இல்லாத வருசம் அதுங்க குட்டைக்கு வரும், நாங்க நாயி வெரட்டாம பாத்துப்போம்." முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், அது பரவியது. கை தட்டுகிறபோது பேசக்கூடாது என்று நினைத்து அவள் நின்றாள். தட்டி ஓய்ந்ததும், "எங்க வூட்டுக்காரருக்கு…" என்றாள். மணி அடித்தது.

"அம்மா ரொம்ப அருமையா சொன்னாங்க" என்றார் அதிகாரி. "பதிவு பண்ணிக்குங்க." ஒருவர் போட்டோ எடுத்தார். எண்பத்து நான்காவது ஆள் மைக்குக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

அவள் குறிப்பெடுக்கிறவரின் மேஜைக்குப் போனாள். "சார், வூட்டப் பத்தி இன்னும் சொல்லலீங்க."

"எழுதிக் குடுங்கம்மா."

"எழுத வராதுங்க."

"சரி, இங்க கையெழுத்துப் போடுங்க. மீதிய சேத்துக்கறோம்."

தன் பெயரின் இரண்டு எழுத்தை மட்டும் அவளுக்கு எழுதத் தெரியும். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள். கீர்த்தனாவைத் தேடினாள்; வாசலில் நிருபர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். வேதா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஒன்றரை மணிக்குத் திருமலை வந்தபோது மண்டபத்தில் சாப்பாட்டு இலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. குழாயடியில் குடங்களோடு நின்றவர்கள் மத்தியில் திருமலை தன் போனில் அதை வாசித்தான். "எண்பத்து மூன்று. வேதா, கரைவாசி. ஏரியும் பறவைகளும் பாதுகாக்கப்பட வேண்டும் என்றார். ஆதரவு." கீழே தள்ளிக்கொண்டு போனான். "கரைவாசிகளிடமிருந்து ஆட்சேபணை, இல்லை."

"என்னப் பேசி முடிக்க வுடல" என்றாள் வேதா.

"கோழிக்குப் பேசிட்டு வந்துகீற" என்றான் திருமலை. "நாப்பத்தியோரு வூட்டுக்குப் பேசுன்னா, கோழிக்குப் பேசிட்டு வந்துகீற."

"நீ வரேன்னுதானண்ணே சொன்ன."

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு போனான். குடம் வைத்திருந்த ஒருத்தி, இவளுக்கு மட்டும் தனியாக ஏதோ தருகிறேன் என்றிருப்பார்கள் என்று மற்றவளிடம் சொன்னாள். வேதா காதில் விழும்படிதான் சொன்னாள். அதற்குப் பிறகு குழாயடியில் அவள் குடத்துக்கு முறை வரவில்லை. ஜாஹிராதான் ஒரு குடம் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தாள்.

கீர்த்தனா அறிக்கையைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தாள். சகாதேவனின் மருந்துச் சீட்டுகளையெல்லாம் பார்த்து, நான்கு பக்கத்துக்கு மனு எழுதினாள். ஜாஹிராவையும் சேர்த்து மூன்று பேருமாகத் திட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார்.

"கருத்துக் கேட்பு முடிஞ்சிபோச்சு மேடம்."

"அவங்க சொன்னதுல பாதிதான் பதிவாயிருக்கு."

"சொன்னது பதிவாயிருக்கு இல்ல? கையெழுத்தும் போட்டிருக்காங்க." அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வேதாவின் இரண்டு எழுத்து அங்கே பெரிதாக இருந்தது. "வேற கருத்து இருந்தா அடுத்த திட்டத்துல சொல்லலாம். அஞ்சு வருசம் கழிச்சி வரும்."

"வடக்கு மூலையில கோடு ஏன் வளையுது?" என்றாள் கீர்த்தனா.

"அவங்க ஆட்சேபணை குடுத்திருக்காங்க மேடம். முறைப்படி, எழுத்துமூலமா."

மனுவின் நகலில் பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்ததும் கீர்த்தனா படியில் நின்றுவிட்டாள். "நான்தான் உங்களை அப்படிச் சொல்ல வெச்சேன்" என்றாள்.

"வுடும்மா. நீ நல்லதுக்குத்தான் சொன்ன" என்றாள் வேதா.  ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிவிட்டிருந்தது.

மாசி முடிவில் இடிக்கிற இயந்திரம் வந்தது. காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தொரு வீடும் முடிந்தது. தகரம், கதவு, ஜன்னல் கம்பி ஆகியவற்றை எடுத்துக்கொள்ள விட்டார்கள். ஜாஹிரா தையல் மிஷினைப் போர்வையில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு வண்டியேறினாள். சகாதேவன் வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். புது வீடு குலுக்கல் முறையில் வந்தது. வேதாவுக்கு நாலாவது மாடி. கீழ்வீடு வந்த ஒரு குடும்பத்தைக் கேட்டுப் பார்த்தாள். மாற்றிக்கொள்ளக் கூடாது என்று சாவி கொடுத்தவர் சொல்லிவிட்டார்.

டவுனுக்கு முதல் பஸ் ஐந்தேமுக்காலுக்கு. அதை விட்டால் அடுத்தது எட்டரை. ஏழு மணி மிஷினுக்கு எட்டரை பஸ் ஆகாது. நேரத்துக்குப் போகாவிட்டால் வேறொருவரை மிஷினில் ஏற்றிவிடுவார்கள், அது அவர்கள் குற்றமில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். முதல் இரண்டு வாரம் திருமலையும் இன்னொருவனும் சகாதேவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினார்கள். திருமலை அப்போதும் வேதாவோடு பேசவில்லை. நாற்காலியைப் பிடிக்க மட்டும் வருவான். மூன்றாவது வாரம் அவனுக்கு டவுனிலேயே தங்கி வேலை வந்துவிட்டது. மற்றவன் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கே வேதா கதவைப் பூட்டினாள். அடுத்த பிளாக்கிலிருந்து ஜாஹிரா வந்திருந்தாள். இரண்டு பெண்களால் நாற்காலியைத் திருப்பத்தில் வளைக்க முடியவில்லை. நாற்காலியின் கால் ஒன்று நழுவி அவன் சுவரில் மோதினான்.

"எறக்குங்க" என்றான் சகாதேவன். "நான் குந்திக்கினே வரேன்."

அவன் படியில் உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தான். வேதா முன்னால் இரண்டு படி கீழே நின்று அவன் வீங்கிய கால்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ்ப்படியில் வைத்தாள். ஜாஹிரா பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துப் பிடித்தாள். ஒரு மாடி இறங்கியதும் மூச்சு வாங்க நின்றார்கள். அவன் வேட்டி சிமெண்டுத் தூசியில் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டே இருந்தான். அளவாகக் குடிக்கச் சொல்லியிருந்ததால் தண்ணீர் கேட்கவில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தைத் தாண்டியபோது கீழே பஸ் வந்து நின்றது. என்ஜின் ஓடுகிற சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. ஜாஹிரா ஓடிப்போய் ஜன்னல் துவாரத்தில் கையை விட்டு ஆட்டினாள். "கொஞ்சம் நிறுத்துங்க, நோயாளி வராங்க" என்று கத்தினாள். பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"போயிரும்" என்றாள் வேதா.

"நிக்கும்" என்றான் அவன். "நீ கால எடுத்து வெய்யி."

அவள் காலை எடுத்து வைத்தாள். அவன் கையை ஊன்றித் தூக்கினான், உட்கார்ந்தான். இன்னும் இருபத்தெட்டுப் படி இருந்தது. கீழே கியர் மாறும் சத்தம் கேட்டது. டயர் ஜல்லியை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. பிறகு சாலைக்கு ஏறி, சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. ஜாஹிரா ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். 

சகாதேவன் உள்ளங்கைத் தூசியை வேட்டியில் துடைத்தான். மறுபடியும் கையைப் பின்னால் ஊன்றி, இன்னொரு படி இறங்கி உட்கார்ந்தான்.